ஆறாவது பெட்டி

தலையில் கட்டையால் அடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் மீனின் வாய் ஓயவில்லை.

திறந்தது. மெல்ல மூடியது. ஈரமான உதடுகள் ஒட்டிப் பிரியும்போது ஒரு சின்னச் சத்தம். ச்சப். சற்று இடைவெளி விட்டு மறுபடியும், ச்சப்.

மர்சிந்தா கையில் கத்தியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெண்டை மீன் அவளுக்குப் புதிதல்ல. சியந்தார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகச் சோற்றுக்கடை நடத்துகிறவள். தினம் முப்பது கெண்டையாவது அவள் கையால் சாகும். எந்த மீன் எவ்வளவு நேரம் துடிக்கும், எது சட்டியில் விழுந்த பிறகும் வாலை ஆட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் இப்படி ஒரு மீனை அவள் பார்த்ததில்லை. கண் வெளுத்துவிட்டது. செவுள் அசையவில்லை. உடம்பு விறைத்து, மரக்கட்டைபோலக் கிடக்கிறது. வாய்க்கு மட்டும் உயிர் இருந்தது.

சம்பந்தி வீட்டுச் சமையற்கட்டின் தகரக் கூரையில் விடியற்காலையிலிருந்தே மழை. வெளியே ஏரியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல். உள்ளே மஞ்சளும் இஞ்சியும் எலுமிச்சையும் அரைத்து வைத்த வாசனை. அந்த வாசனைக்கு அடியில், முன்னறையிலிருந்து இன்னொரு மஞ்சள் வாசனையும் வந்துகொண்டிருந்தது. அதை அவள் முகர விரும்பவில்லை.

முன்னறையில் ஐந்து சின்ன மரப்பெட்டிகள். போன வாரம் தோண்டியெடுத்த, இந்த வீட்டு முன்னோர் ஐந்து தலைமுறையின் எலும்புகளை, மஞ்சள் நீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் கழுவி, உலோஸ் என்ற சடங்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே சிமெண்டில் கட்டி முடித்த எலும்பு மாடத்தில் அடுத்த வாரம் ஏற்றவேண்டும். ஐந்துக்கும் பக்கத்தில் ஆறாவதாக ஒரு பெட்டி, மூடியில்லாமல், வெறுமையாக.

அந்த ஆறாவது பெட்டிக்கு உரியவரைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறான் மருலி, அவளுடைய மாப்பிள்ளை.

மெடானில் ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த வினை அது. ஒரே குலத்தார் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, 'நீ எத்தனையாவது தலைமுறை?' என்பதுதான். எண்ணைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவன் அண்ணனா, சித்தப்பனா, பேரனா என்று தெரியும். மருலி பதினாறு என்றான். அவன் வயசுக்காரர்கள் எல்லாரும் பதினேழு என்றார்கள். பக்கத்து இலையில் இருந்த ஒருவன், "அப்ப இந்தப் பொடியனுக்கு நான் மகனா? சித்தப்பா, அந்தப் பன்றிக்கறியை இப்படி நகர்த்துங்க" என்றதும் பந்தியே சிரித்துவிட்டது. மருலி சிரிக்கவில்லை. குலத்தின் வம்ச வரிசையில் அவன் வீட்டுக்கு மட்டும் ஒரு படி குறைகிறது. நடுவில் ஒரு மனிதனைக் காணோம்.

மர்சிந்தாவின் மகள் ரொத்துவாவுக்கு முதல் கரு நாலாம் மாதத்திலும் அடுத்தது ஐந்தாம் மாதத்திலும் கலைந்தபோது, காணாமல் போன அந்த மனிதன்தான் காரணம் என்று ஊர் முடிவுகட்டியது. இப்போது மூன்றாவது. ஏழாம் மாதத்தில் நிற்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்து கெண்டை மீன் கொண்டுவந்து, தங்கள் கையாலேயே ஊட்டிவிடும் நாள் இன்று. அந்த ஒரு மீன் வயிற்றில் இறங்கினால்தான் பிள்ளை நிற்கும்.

அந்த மீன்தான் வந்து சேரவில்லை.

நேற்று வழியில் மண் சரிந்து பேருந்து ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டது. தகர டின்னில் நீந்திக்கொண்டு வந்த மீன் நாலாவது மணியில் மல்லாந்தது. எட்டாவது மணியில் பின்சீட்டுக்காரன், "அம்மா, அதைத் தூக்கிப் போடுறீங்களா, இல்ல நான் குதிக்கட்டுமா?" என்று கேட்டான். கணவன் சவுத் எழுந்து டின்னோடு பள்ளத்தாக்கில் கவிழ்த்தான். இரவு சம்பந்தி வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது அரிசிப் பையும் போர்த்திவிடவேண்டிய உலோஸும்தான். பெண் கொடுத்தவர்கள் கண்கண்ட தெய்வம் என்று நடுவீட்டில் பாய் விரித்து உட்காரவைக்கிற இடம். அங்கே எப்படிச் சொல்வது, மீன் இல்லை என்று?

வெளுக்கும் முன் இரண்டு பேரும் கொல்லைக் குளத்தில் இறங்கினார்கள்.

"அவங்க குளத்து மீனைத் திருடி அவங்களுக்கே சீர் வைக்கிறது. இந்த ஐடியா பிசாசுக்குக்கூட வராது, ரொத்துவா அம்மா."

"வாயை மூடிட்டு லுங்கியை விரிங்க."

விரிக்கவே வேண்டியிருக்கவில்லை. இடுப்பளவு கறுத்த தண்ணீரில் அது தானாக வந்தது. மற்ற மீன்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, இது மட்டும் மர்சிந்தாவின் முழங்கால் வரை வந்து நின்று, தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வாயைத் திறந்தது. அவள் விரலை உதடுகளால் கவ்வியது. வழவழப்பு. பச்சைக் குழந்தையின் ஈறுபோல வெதுவெதுப்பு. கெண்டை மீனின் வாய் சில்லென்று இருக்கவேண்டும் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

ச்சப்.

தட்டிலிருந்த மீன் மறுபடியும் வாய் திறந்தது.

"சாவு சனியனே" என்று முணுமுணுத்தபடி அவள் வயிற்றைக் கீறினாள். இந்த மீனுக்குச் செதில் சீவக்கூடாது. வால், துடுப்பு எதையும் வெட்டக்கூடாது. பிள்ளை முழுசாக வேண்டுமென்றால் மீனும் முழுசாக இருக்கவேண்டும். வயிற்றில் ஒரு சின்னக் கீறல் போட்டு, பித்தப்பையையும் குடலையும் விரலால் சுழற்றி இழுத்துவிடவேண்டியதுதான்.

விரல் உள்ளே போனதும் கெண்டைக்குரிய சேற்று வாடைக்காகக் காத்திருந்த மூக்கில் வேறு ஒன்று அடித்தது. பல நாள் குளிக்காத மனிதத் தலை. எண்ணெயும் அழுக்கும் ஊறிய தலையணை உறை. அதோடு மக்கிப்போன வெற்றிலை எச்சில். மர்சிந்தா முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு இழுத்தாள். குடல் வந்தது. குடலோடு வெள்ளைக் கொழுப்பு, கட்டி கட்டியாக, ஆறிய பன்றி நெய்போல. கொழுப்புக்குள் ஏதோ கடினமாக நெருடியது.

கிணற்றுத் தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

பல்.

கெண்டைக்குத் தொண்டையில் பல் உண்டு. சோளமணிபோலத் தட்டையாக இருக்கும். அவள் கடையில் சாப்பிட வருகிறவர்கள் அதைக் கடித்துவிட்டு, 'கல்லு கிடக்குது' என்று சண்டைக்கு வருவார்கள். இது அதுவல்ல. இதற்கு வேர் இருந்தது. மனிதனுடைய முன்பல். கரேலென்று சாயம் ஏறி, பாதிக்கு மேல் அரத்தால் ராவி மட்டமாக்கிய பல். அந்தக் காலத்தவர்கள்தான் அப்படிப் பல்லை ராவிக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். உயிரோடு இருக்கிற யார் வாயிலும் அப்படி ஒரு பல்லை அவள் கண்டதில்லை.

"என்னது?" சவுத் பின்னால் வந்து நின்றான். வாயில் காலைக் கள்ளின் புளிப்பு.

காட்டினாள்.

"மீன் பல்லு."

"எத்தனை மீன் அறுத்திருக்கேன். எனக்குச் சொல்றீங்களா?"

"சரி, ஆள் பல்லுதான். எந்தக் காலத்துக் கிழவனோ குளத்துல வாய் கொப்புளிச்சிருப்பான். இப்ப என்ன பண்ணலாம்? மீன் இல்லன்னு போய்ச் சொல்லலாமா?"

அவள் பல்லைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி தியாமின் உள்ளே வந்தாள். மெலிந்த, சுத்தமான பெண்மணி. எலும்பு கழுவிய மஞ்சள் அவள் நகக்கண்களில் இன்னும் போகவில்லை. மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா. இவ்ளோ பெருசா. சியந்தார்லேருந்தா தூக்கிட்டு வந்தீங்க, சம்பந்தியம்மா?"

"எங்க கடைக்கு மீன் போடுறவன்தான். சொல்லி வச்சு வாங்கினது" என்றாள் மர்சிந்தா.

"நல்லதாப் போச்சு. கொல்லையில குளம் நெறைய மீன் கிடக்குதேன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. கல்யாணத்தப்பவே உங்க ஊர் ஆளுங்க கேட்டாங்களாமே, குளத்தை வச்சுக்கிட்டு பாலிகே சந்தையில மீன் வாங்குறாங்க, என்ன பவுசுன்னு."

அப்படிக் கேட்டதே மர்சிந்தாதான்.

"எங்க வீட்டு ஆளுங்க அந்தக் குளத்து மீனை வாயில வைக்கக்கூடாது. விக்கலாம். ஊருக்குக் கொடுக்கலாம். இந்த ரத்தம் மட்டும் தின்னக்கூடாது. கல்யாணமான மூணாம் நாள் என் மாமியார் சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார் சொன்னது. ரொத்துவா வந்த அன்னிக்கே சொல்லிட்டேன்."

"ஏனாம்?"

"அதைத்தான் யாரும் சொல்லல." தியாமின் மீனின் மேல் குனிந்தாள். "அட, இன்னும் உசுரு இருக்குதே. வாயைத் திறக்குது பாருங்க."

அவள் போன பிறகு சமையற்கட்டில் மழைச் சத்தம் மட்டும்தான். மர்சிந்தா உண்மையைச் சொல்லிவிடலாம். நடுவீட்டில் எழுந்து நின்று, 'மீன் அழுகிவிட்டது, உங்கள் குளத்தில் திருடினோம்' என்று சொல்லலாம். இந்தக் கரை முழுக்க அந்தக் கதை ஓடும். 'வெறுங்கையோட வந்த சம்பந்தி' என்று ரொத்துவாவைச் சாகும் வரை குத்துவார்கள். மீன் ஊட்டாமலே ஏழாம் மாதம் கழியும். அதற்குப் பிறகு எட்டாம் மாதத்தில் ஏதாவது ஆனால்?

அவளுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. இந்த வீட்டு ரத்தம்தானே தின்னக்கூடாது? ரொத்துவா என் ரத்தம். என் குலம். மீன் அவள் வாய்க்குத்தானே போகிறது?

வயிற்றில் இருப்பது யார் குலம் என்று அந்த நேரத்தில் அவள் யோசிக்கவில்லை.

எலுமிச்சைப் புல்லைச் சட்டியின் அடியில் பரப்பி, மீனைக் கிடத்தி, மசாலாவை அள்ளி வயிற்றுக்குள் திணித்தாள். நாக்கை மரக்கவைக்கும் அந்தாலிமான் மிளகை வழக்கத்தைவிட இரண்டு பிடி அதிகமாகப் போட்டாள், அந்தத் தலை நாற்றத்தை அமுக்க. அமுங்கவில்லை. கொதிக்கக் கொதிக்க மேலே வந்தது. மஞ்சள் குழம்பின் மேல் ஆடை கட்டியது. கரண்டியால் ஒதுக்கினால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. ஆடையில் நீளமாக ஏதோ. மயிர். எடுத்தாள், அடுப்பில் போட்டாள். தன் தலைமயிர்தான் என்று சொல்லிக்கொண்டாள். அவள் தலையில் அவ்வளவு நீளம் கிடையாது.

சட்டி மூடி உள்ளிருந்து தட்டியது. கொதிக்கிற குழம்பு மூடியைத் தட்டுவது வழக்கம்தான்.

ச்சப். ச்சப்.

உச்சிவேளையில் ஊட்டல். முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவரோரம் ஆறு பெட்டிகள். அவற்றுக்கு எதிரே ரொத்துவா, தோளில் புது உலோஸ், கால்களை நீட்டி, பின்பக்கம் கையூன்றி. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வயிறு மட்டும் துருத்திக்கொண்டு. ஏழு மாதமாகக் கஞ்சித் தண்ணியைக்கூட வாந்தியெடுத்தவள். பக்கத்தில் மருலி, சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டு, ஏதோ நல்ல செய்தியை வாய்க்குள் அடக்கிவைத்திருக்கிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, பரீட்சை பாஸான மாதிரி இருக்கீங்க?" என்றான் சவுத்.

"சாப்பிட்டுச் சொல்றேன், மாமா."

அதுதான் முறை. எந்த விஷயமானாலும் கை கழுவிய பிறகுதான் வாய் திறக்கவேண்டும். சோற்றுக்கு முன்னால் பேச்சு எடுப்பவன் வளர்ப்பு சரியில்லாதவன்.

ஜெபம் முடிந்தது. மர்சிந்தா தட்டைத் தூக்கி மகளின் முன்னால் வைத்தாள். நீந்துவதுபோல நிமிர்ந்து நிற்கிற முழு மீன். "தாயே, இந்த மீனைப்போல வழுக்கிக்கிட்டு, வலியில்லாம, முழுசாப் பெத்தெடு" என்று வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். தலைப்பக்கத்துச் சதையைப் பிய்த்து வாயில் வைத்தாள்.

ரொத்துவா முகம் சுளித்தாள். மென்றாள். விழுங்கினாள். ஓங்கரிப்பாள் என்று தயாராக வைத்திருந்த பாத்திரத்தைத் தியாமின் அவள் பக்கம் நகர்த்தினாள்.

ரொத்துவா ஓங்கரிக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

இரண்டாவது கவளம். மூன்றாவது. நாலாவதில் அவள் உதடுகள் மர்சிந்தாவின் விரல்களைச் சேர்த்துக் கவ்வின. வெதுவெதுப்பு. வழவழப்பு.

"பசிக்குதும்மா" என்றாள் ரொத்துவா வியப்போடு. "எத்தனை நாளாச்சு, இப்படிப் பசிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தியாமின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொத்துவா தாயின் கையை விலக்கிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சதை தீர்ந்தது. செதிலை வழித்து நக்கினாள். தலையைப் பிளந்து மூளையை உறிஞ்சினாள். கண்ணைப் பெருவிரலால் நோண்டி எடுத்து நாக்கில் வைத்து உருட்டினாள். பிறகு எலும்பு. முள்ளெலும்பைக் கரும்பைப்போலக் கடித்தாள். கறக் கறக்கென்று அறை முழுக்கக் கேட்டது. மஞ்சள் கொழுப்பு தாடையில் வழிந்து உலோஸில் சொட்டியது. துணியைத் தூக்கி அந்த இடத்தையும் சப்பினாள்.

சிரிப்பு நின்றிருந்தது.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடுறா. சாப்பிடட்டும்" என்றான் சவுத், யாரையும் பார்க்காமல்.

தட்டில் ஒரு முள்கூட மிஞ்சவில்லை. அந்த மீனின் சதையை மர்சிந்தா வாயில் வைக்கவேயில்லை. ஆனால் விரல் இடுக்கில், நகத்துக்கடியில், அந்தத் தலையணை நாற்றம் இருந்தது. எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை.

கை கழுவி முடிந்ததும் மருலி தொண்டையைச் செருமினான்.

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஏரிக்கு அந்தக் கரையில நம்ம பங்காளி வீடு ஒண்ணு. அவங்ககிட்ட பழைய பேச்சு தங்கியிருக்கு. பேரு மங்கிஹுத். நம்ம பெட்டியில மூணாவதா இருக்காரே, அவருக்கு அப்பா இவர்தான். நம்ம வரிசையில இவரை எடுத்துட்டு, இவர் மகனை இவர் அப்பாவுக்கே மகனா எழுதிட்டாங்க. அதான் ஒரு படி குறையுது." அவன் நிறுத்தினான். சந்தோஷம் சற்று மங்கியது. "எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஒரு பஞ்ச வருஷம். மரப்பட்டையை அவிச்சுத் தின்னாங்களாம். ஊரே எலும்பாப் போச்சு. இந்த வீட்டுல ரெண்டு குழந்தைகளைக் காணோம். மங்கிஹுத் மட்டும் மெலியவே இல்லையாம்."

தியாமின் ரொத்துவாவின் தோளில் உலோஸை இழுத்துப் போர்த்தினாள்.

"கூடப் பொறந்தவங்களே கல்லைக் கட்டிக் குளத்துல இறக்கிட்டாங்க. தண்ணிக்குள்ள போற வரைக்கும் வாய் மென்னுக்கிட்டே இருந்துச்சாம். அதுக்கப்புறம்தான் அந்தச் சட்டம். நம்ம ரத்தம் அந்தக் குளத்து மீனைத் தின்னா, அவன் வீட்டுக்குள்ள திரும்பி வந்துடுவான்னு."

"ஐயோ, என் குலசாமி" என்றாள் தியாமின். "நல்லவேளை, ஒருத்தரும் தின்னல."

மர்சிந்தா தரையைப் பார்த்தாள். பாவாடைப் பையில் அந்தப் பல் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. சவுத்தின் பார்வை தன்மேல் இருப்பது தெரிந்தது. நிமிர்ந்தால் எல்லாம் வெளியே கொட்டிவிடும்.

"என்ன பண்ணியிருந்தாலும் நம்ம ஆள்தானே. எலும்பை எடுத்துக் கழுவிப் பெட்டியில வச்சுட்டா அடங்கிடுவாரு" என்றான் மருலி. "காலையில எட்டு மணிக்கே மதகைத் திறந்துட்டேன். இந்நேரம் வடிஞ்சிருக்கும்."

எல்லாரும் கொல்லைக்குப் போனார்கள். ரொத்துவா மட்டும் தூக்கம் வருவதாகச் சொல்லி உள்ளறையில் படுத்துக்கொண்டாள்.

மழை தூறலாகியிருந்தது. குளம் வற்றி, கறுத்த சேறு வாய் பிளந்து கிடந்தது. முப்பது நாற்பது கெண்டைகள் சேற்றில் பக்கவாட்டில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தன. மருலியும் சவுத்தும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சேறு முழங்காலை உறிஞ்சியது. ஒவ்வொரு அடியும் எடுக்கும்போது அதே சத்தம். நாற்றம் கரை வரை வந்தது. மர்சிந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முந்தானையிலும் அதே நாற்றம்.

ஒரு மணி நேரம். ஒன்றரை.

நடுக்குளத்தில் கல் கிடைத்தது. அம்மிக்கல் அளவு. அதைச் சுற்றிக் கறுத்த நார்க்கயிறு, முடிச்சு அவிழாமல். இடுப்பளவுக்கு வளையமாகக் கட்டிய கயிறு. வளையத்துக்குள் சேறு.

சேற்றைக் கையால் அளைந்தார்கள். கூடையில் அள்ளிக் கழுவினார்கள். ஒரு விரலெலும்பு இல்லை. ஒரு விலா இல்லை. மண்டையோடு இல்லை.

"மக்கியிருக்கும், மாப்பிள்ளை" என்றான் சவுத்.

"இவருக்கு முந்தினவங்க எலும்பு மண்ணுல முழுசா இருந்துச்சு, மாமா. சேத்துல மக்குமா?" மருலி சுற்றிலும் துடிக்கிற மீன்களைப் பார்த்தான். மெல்லச் சொன்னான். "இதுங்கதான் தின்னிருக்கும். அரிச்சு அரிச்சு. கொஞ்சம் கொஞ்சமா."

பிறகு, வீட்டில் சோறு குறைந்தால் சொல்வதைப்போல, "சரி. மூணு பிடி மண்ணை எடுத்து வைப்போம். எலும்பு கிடைக்காதவங்களுக்கு அதானே வழக்கம்" என்றான்.

மர்சிந்தா வீட்டுக்குள் ஓடினாள்.

சமையற்கட்டில் ஒரு செம்புத் தண்ணீரில் கை கொண்ட மட்டும் உப்பைக் கொட்டிக் கலக்கினாள். குடிக்கவைக்கவேண்டும். தொண்டையில் விரலை விடவேண்டும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடவேண்டும். அதற்கப்புறம் ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். காறித் துப்பட்டும்.

முன்னறையைக் கடக்கும்போது ஆறாவது பெட்டி காலில் இடித்தது. வெறும் பெட்டி. உள்ளே பலகையில் ஈரம். மஞ்சள் நிற ஈரம்.

உள்ளறையில் விளக்கு இல்லை. சன்னல் வழியே ஏரியின் சாம்பல் வெளிச்சம். ரொத்துவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையை மேலே ஏற்றி, வயிற்றைத் திறந்துவைத்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டு. கன்னத்தில் காலையில் இல்லாத சதை. முகம் பளபளவென்று இருந்தது.

"ரொத்துவா. இதைக் குடி."

"என்னம்மா அது?"

"குடிச்சுட்டு வாந்தியெடு. கேட்காத. அந்த மீன்... அந்த மீன் நம்ம ஊர் மீன் இல்ல."

ரொத்துவா நிமிர்ந்தாள். திடுக்கிடவில்லை. கோபமும் இல்லை. செம்பை ஒரு கையால் விலக்கினாள். உப்புத் தண்ணீர் பாயில் சிந்தியது.

"இது உதைக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள் மெதுவாக. "போன மாசமெல்லாம் உதைச்சுச்சு. இப்ப உதைக்கல."

"தூங்கும்டி. குழந்தை தூங்கும்..."

"தூங்கல. மெல்லுது."

மர்சிந்தா மகளின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் கேட்டது. மழையில்லை. கொல்லையில்லை. இங்கே. கைக்கெட்டும் தூரத்தில். தோலுக்கு அடியில்.

ச்சப்.

இடைவெளி.

ச்சப்.

வயிற்றின் தோல் ஓரிடத்தில் மேலே எழும்பியது. குதிகாலா? முட்டியா? இல்லை. வட்டம். உள்ளிருந்து தோலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற வட்டம். தண்ணீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறக்கிற கெண்டையைப்போல. திறந்தது. மூடியது.

திறந்தது.

இம்முறை உதட்டோடு நிற்கவில்லை. வட்டத்துக்குள்ளே தோலை அழுத்திக்கொண்டு வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் ஒரே உயரம். ராவி மட்டமாக்கியதைப்போல.

நடுவில் ஒன்று மட்டும் இல்லை.

மர்சிந்தாவின் கை அவளைக் கேட்காமலே பாவாடைப் பைக்குள் போனது. பல் இருந்தது. வெதுவெதுவென்று.

"பசிக்குதும்மா" என்றாள் ரொத்துவா.

வயிற்றில் அந்த வாய் நகர்ந்தது. தோலுக்கடியில் மெல்ல ஊர்ந்து, பாவாடைப் பை இருந்த பக்கமாகத் திரும்பி, அகலத் திறந்தது. திறந்தபடியே நின்றது.